அடுப்பே காணாத அண்டா

ரேஷன் கார்டில் கருப்பாத்தாள், சர்ச் சபையில் எஸ்தரம்மா, ஆவாரம்பாளையத்துப் பட்டறைக்காரர்கள் வாயில் மெஸ்ஸக்கா. எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பது ஒரே ஆள்தான். கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பில் மட்டை பொறுக்கிய கை அது. படிப்பு ரெண்டாங் கிளாஸோடு நின்றுபோச்சு. இன்றைக்கு அந்தக் கை போடும் சோற்றுக்குப் பட்டறை ஆட்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள். மாடி ஊடு கட்டியாயிற்று, மகள் மதிவதனியை இன்ஜினியர் ஆக்கியாயிற்று. இதையெல்லாம் யாரும் கேட்காமலே சொல்லுவாள். கேட்டுவிட்டாலோ, கேட்டவர் பஸ்ஸைத் தவறவிட வேண்டியதுதான்.

அப்பேர்ப்பட்டவள் நெஞ்சில் ஆவணி மாசத்திலிருந்து ஒரு முள். மதிவதனிக்கும் உதய்க்கும் கல்யாணம் நடந்தது அப்போதுதான். உதய் வீட்டார் நாயுடுமார், ஒரு காலத்தில் மில் வைத்திருந்தவர்கள். சம்பந்தியம்மா அம்புஜம் மண்டபத்துக்கு வந்தார், சிரித்தார், ஒரு இளநீர் குடித்தார். "வயிறு சரியில்லைங்க" என்று சொல்லி இலை பக்கமே வராமல் கிளம்பிவிட்டார். அது எந்த மாதிரி வயிறு என்று கருப்பாத்தாளுக்குத் தெரியாதா? தோப்புக்காரர் வீட்டு வாசலில் அவள் அம்மா கொட்டாங்குச்சியில் மோர் வாங்கிக் குடித்ததைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

கிறிஸ்துமஸுக்கு அந்தச் சம்பந்தியம்மா வருகிறார். தெரு சனமும் அவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, ஒரே சட்டிச் சோறு சாப்பிட வேண்டும். வாடகைப் பாத்திரம் கூடாது, சொந்தச் சட்டியாக இருக்க வேண்டும். இந்த வைராக்கியத்தோடுதான் அன்றைக்குக் காலையில் உக்கடத்துப் பழைய பாத்திரக் கடைக்குள் நுழைந்தாள்.

பெரிய பிரியாணி தேக்சா ஒன்றைச் சுண்டிப் பார்த்தாள். கணீரென்றது.

"மூடிப்போன பிரியாணிக் கடை சட்டிக்கா அது" என்றாள் கடைக்காரி உம்மல் குல்சும். "மட்டன் வெந்து வெந்து சட்டியே மணக்குது. மோந்து பாருங்க."

"நான் மோந்தா வாங்கோணும்? எங்கை பட்டா பச்சத்தண்ணி மணக்குமுங்க."

"அப்பத் தண்ணியவே ஊத்திக் குடுங்க, சட்டி எதுக்கு?"

ரெண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே விலையைக் குறைத்தாள் கருப்பாத்தாள். அதோடு விட்டாளா? பேர் வெட்டச் சொன்னாள். பந்தியில் கடைசி ஆள் கண்ணுக்கும் தெரிய வேண்டுமென்று எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். தேக்சாவின் வயிற்றில் 'கருப்பாத்தாள்' பளபளத்தது. பிறகு எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அங்கேயே வைத்துவிட்டு ரங்கே கவுடர் வீதிக்கு நடந்தாள்.

மளிகைக்கடை வரதராஜுலு சீரகச் சம்பாவும் பட்டையும் கிராம்பும் எடுத்து வைத்தார். சின்ன வெங்காயம் ஒரு சிறு மூட்டையும் வந்து விழுந்தது.

"பிரியாணி பலமா இருக்கும் போலிருக்குதே. யாருங்க விருந்தாளி?"

"சம்பந்தி வாராங்க. உங்க ஆளுங்கதான்."

வரதராஜுலுவின் கை நின்றது. "மார்கழியாச்சேங்க. மாசம் பொறந்தா எங்க ஊட்டுல கவுச்சி வாசல் தாண்டாது. கவுச்சி வெந்த பாத்திரத்துல எங்கம்மா காபிகூடக் குடிக்க மாட்டாங்க."

புரட்டாசியில் மெஸ்ஸில் முட்டைகூட விலை போகாது, அது கருப்பாத்தாளுக்குத் தலைகீழ்ப் பாடம். மார்கழி மட்டும் அவளுக்கு நட்சத்திரம் கட்டுகிற மாசம், கேரல் பாட்டு வாசலுக்கு வருகிற மாசம். அதே மாசத்தில் இன்னொரு வீட்டில் நோன்பு இருப்பார்கள் என்று தோன்றவே இல்லை.

மகளுக்குப் போன் போட்டாள்.

"அத்தை சாப்பிட்டுட்டே வர்றேன்னுட்டாங்கம்மா" என்று இழுத்தாள் மதிவதனி. "ஜூஸ் குடுத்தாப் போதுமாம். நீ சங்கடப்படுவேன்னு சொல்லலை."

"மறுக்காவும் இளநியா?" போனை வைத்துவிட்டாள்.

"அவங்களுக்குத் தனியா ஒரு சட்டி வெச்சுப்போடுங்க" என்று வழி சொன்னார் வரதராஜுலு.

"தனியா ஒண்ணும் கெடையாதுங்க. எங்கம்மா தனியாக் குடிச்சதே போதும்." மற்ற மளிகையைக் கடையிலேயே விட்டுவிட்டு, வெங்காய மூட்டையை மட்டும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உக்கடத்துக்கே திரும்பினாள். தலைச்சுமை எடுத்த உடம்பு, மூட்டையெல்லாம் ஒரு பொருட்டா?

"குல்சும்மா, இதை வெச்சுக்கிட்டுக் கவுச்சி படாத சட்டி ஒண்ணு குடுங்க."

"பேர் வெட்டினதை எவக்கா வாங்குவா?"

"எம்பேர் இருந்தா ரெட்டை வெலைக்குப் போகும்."

"அப்ப நீங்களே ரெட்டை வெலைக்கு எடுத்துக்கங்க!"

கருப்பாத்தாள் தேக்சாவில் வெட்டியிருந்த தன் பேரை முந்தானையால் ஒரு தரம் துடைத்தாள். குல்சுமுக்கே பாவமாகிப் பரண் மேலிருந்து ஓர் எவர்சில்வர் அண்டாவை இறக்கினாள். கண்ணையா என்கிற யாரோ ஒரு தாய்மாமன் எவர் கல்யாணத்துக்கோ கொடுத்த அன்பளிப்பு, அவர் பேர் வெட்டியிருந்தது. வாங்கினவர்கள் அடுப்பிலேயே ஏற்றவில்லை. கம்பெனி லேபிள்கூட ஒட்டினபடியே இருந்தது.

கருப்பாத்தாள் லேபிளைத் தடவிப் பார்த்தாள். அங்கேயே நின்று அம்புஜத்துக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க சம்பந்தி, சாப்பிட்டுட்டு வாரீங்களாமா?"

அந்தப் பக்கம் தடுமாறியது. "நோன்பு மாசங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு..."

"தெனம் பட்டறைக்கே சோறு போடறவளுக்கு என்னங்க சிரமம்? அடுப்பே காணாத அண்டா ஒண்ணு இப்ப எங்கைல இருக்குது. புதுக்கல்லு வெச்சு அடுப்பு மூட்டறேன். கிறிஸ்துமஸ் அன்னைக்குப் பகலுக்குத் தெரு சனம் மொத்தமும் அந்தச் சோத்தைத்தான் சாப்பிடும். பிரியாணி பொழுது சாஞ்சுதான், அது வேற சட்டி. தனி எலை எங்கூட்டுல கெடையாதுங்க, இளநியும் கெடையாது. லேபிளைக்கூட நான் பிரிக்கல. நாங்க சர்ச் விட்டு வந்ததும் நீங்க வந்து உங்க கையால பிரிச்சாத்தான் ஒலை வெப்பேன்."

குல்சும் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"நான் வரலைன்னா?" என்றது அம்புஜத்தின் குரல், மெல்ல.

"தெருவே பசியோட உங்களுக்காக உக்காந்திருக்குமுங்க."

அம்புஜம் சிரித்துவிட்டார். "வெங்காயம் சேக்க மாட்டீங்கல்ல?"

"இடுப்புல இருக்கற வெங்காய மூட்டையை இப்பவே திருப்பிக் குடுத்தர்றேன்."

"அப்ப வெள்ளெனவே வந்தர்றேனுங்க. ஒப்புட்டு, அந்தப் பருப்புப் போளி மட்டும் நாந்தான் தட்டுவேன். அது எங்கம்மா கைப்பக்குவம்."

"பாக்கலாம், யாரு ஒப்புட்டு பூவாட்டம் வருதுன்னு!"

போனை இடுப்பில் செருகினாள். "பகல்ல பிரியாணி இல்லேன்னாத் தெருவுல சண்டைக்கு வருவாங்களேக்கா?" என்றாள் குல்சும்.

"வரட்டும், வாயில ஒப்புட்டைத் திணிச்சுப்போடறேன்."

ரெண்டு பாத்திரத்தையும் ஆட்டோவில் ஏற்றினாள். லேபிள் கசங்காமல் இருக்க அண்டாவை மட்டும் மடியோடு அணைத்துக்கொண்டாள். மளிகைக்கடை வாசலில் ஆட்டோ நின்றதும் இறங்கக்கூட இல்லை, இருந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டாள்:

"வரதராஜுலு, பிரியாணிக்குப் பொறகு வாங்கிக்கறேன், இந்த வெங்காயத்தை எடுத்துக்கிட்டுக் கடலைப்பருப்பும் வெல்லமும் போடுங்க. நல்லதாப் பாத்துப் போடுங்க, எஞ்சம்பந்தி தட்டப்போற ஒப்புட்டு!"