பாலம் தாண்டிய தளபதி

ரகுநந்தனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை ஸ்ரீரங்கத்தில் வலை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. ஐம்பத்தாறு வயது, இன்சூரன்ஸ் ஆபீஸில் உத்தியோகம். லிஃப்டில் தனியாக ஏறமாட்டார். தெருவில் நாய் படுத்திருந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவார். மேனேஜர் கூப்பிட்டால் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஆனால் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவர் நெப்போலியன். எழுபதாயிரம் சிப்பாய், இருநூறு பீரங்கி. மழையோ சேறோ, முன்னேறு என்பதைத் தவிர வேறு உத்தரவு அவரிடமிருந்து வராது.

எதிரே ஆஸ்திரியப் படையை நடத்துகிறவர் ஜமீல், பெரிய கடை வீதியில் சூட்கேஸ் கடை வைத்திருப்பவர். போர் விளையாட்டுப் பைத்தியங்கள் உலகம் முழுவதிலிருந்தும் வந்து வாதாடும் ஒரு இணையதளத்தில், ஆறு மாதம் இருவரும் ஒருவரையொருவர் இங்கிலீஷில் கிழித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பார்த்தால் எதிராளி இருப்பது காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஜமீல் கடையில், டீயோடு, தமிழில் சண்டை.

சண்டை முக்கால்வாசி ஒரே விஷயத்துக்குத்தான். அந்த விளையாட்டில் ஒரு பட்டாளம் பயந்து ஓடினால், பக்கத்துப் பட்டாளமும் சில சமயம் கூடவே ஓடிவிடும். ரகுநந்தனுக்கு அது பொறுக்காது.

"மேலே ஒரு குண்டுகூடப் படலை. அவன் எதுக்கு ஓடணும்? பக்கத்துல இருக்கறவன் ஓடினா நானும் ஓடிடுவேனா? இதை எழுதினவனுக்கு மனுஷாளையே தெரியலை பாய்."

"மொத்த மைதானமும் மேலேர்ந்து பளிச்சுனு தெரியுதே, அது பொய் சார்," என்பார் ஜமீல். "நீங்க மவுஸைத் தட்டின உடனே உத்தரவு போய்ச் சேருதே, அது அதைவிடப் பெரிய பொய். உத்தரவு கொண்டு போறவன் வழியில செத்தான்னா உத்தரவும் அங்கயே போச்சு. அந்த கேம்ல நிஜம்னா, ஓடறது ஒண்ணுதான்."

"அப்புறம் இதை ஆடி என்ன பிரயோஜனம்? நிதானம் வரணும், எதிராளி மனசைப் படிக்கக் கத்துக்கணும். அதுக்குத்தானே ஆடறோம்? ஓடறதைக் கத்துக்கவா?"

அந்த விதியை எடுத்துவிடச் சொல்லி, விளையாட்டைத் தயாரித்த கம்பெனிக்கு நாலு பக்கம் கடிதம்கூட எழுதிப் போட்டார். பதில் வரவில்லை.

இந்த ஆடியில் காவிரியும் கொள்ளிடமும் இரண்டு பக்கமும் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடின. நடுவில் தீவாக ஸ்ரீரங்கம். கரையோரத்தில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போகும்படி ஆட்டோவில் மைக் கட்டி ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரகுநந்தனுக்குத் தூக்கமே போய்விட்டது. போதாக்குறைக்கு மனைவி மரகதவல்லி பாத்ரூமில் வழுக்கி விழுந்து, வலது காலில் மாவுக்கட்டு. குடியிருப்பதோ தரைத்தளம். தண்ணீர் வந்தால் இவளை எப்படித் தூக்குவது என்று படுக்கையில் கிடந்து கணக்குப் போட்டபடியே இருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, அவளுடைய வலி மாத்திரை வாங்க ஸ்கூட்டரில் போனார். மருந்துக்கடை வாசலில் நிற்கும்போது முதலில் ஒரு பெண் ஓடினாள். அப்புறம் நாலு பேர். "அணை உடைஞ்சிருச்சு! தண்ணி வருது!" கடை ஷட்டர்கள் தடதடவென்று இறங்கின. மருந்துக்கடைக்காரர் கல்லாவைக்கூடப் பூட்டாமல் பாய்ந்து வெளியே வந்தார். அதைப் பார்த்ததும் ரகுநந்தன் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். காதில் ஒன்றும் விழவில்லை. கை தானாக வண்டியைக் கிளப்பியது.

பாலத்துக்குப் போகிற வழியில்தான் அவர் தெரு முனை. அதைத் தாண்டிப் போனார்.

மனைவி ஞாபகம் வராமல் இல்லை. பாதிப் பாலத்தில் வந்தது. கீழே செம்மண் நிறத்தில் தண்ணீர் பொங்கிப் போய்க்கொண்டிருந்தது. முன்னாலும் பின்னாலும் ஜனம். வண்டியை ஓரம் கட்டவேண்டும் என்று நினைத்தார். நினைத்தபடியே அக்கரை போய்ச் சேர்ந்தார்.

ஒரு காலில் செருப்பில்லாமல் கடைக்குள் வந்து நின்றவரை ஜமீல் பிடித்து உட்கார வைத்தார். ரகுநந்தன் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார். ஜமீல் முழுக்கக் கேட்டுவிட்டு, "அக்கா எங்க சார்?" என்றார்.

ரகுநந்தன் அவசரமாக மனைவிக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டார். அதே கதை. "பாய், நீங்க சொன்னதுதான் சரி, நான்..."

"அதெல்லாம் கேம் சார். வண்டியில ஏறுங்க."

பாலத்து முனையில் போலீஸ்காரர் மைக்கில் கத்திக்கொண்டிருந்தார். வதந்தியாம், அணை பத்திரமாக இருக்கிறதாம். ஜனம் நம்பியும் நம்பாமலும் நின்றது. ரகுநந்தனுக்கு அது காதில் ஏறவில்லை. தண்ணீர் பயம் போய், அதைவிடப் பெரிய பயம் பிடித்துக்கொண்டிருந்தது. ஜமீலின் சட்டையைக் குழந்தை மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாருமில்லை. போன் மேஜையில் கிடந்தது. "மரகதம்!" என்று அவர் போட்ட சத்தத்துக்கு மாடியிலிருந்து பதில் வந்தது. வாட்ச்மேன் வீரமலை அவளை முதுகில் சுமந்து மொட்டைமாடியில் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தார். ஜமீல் கீழேயே நின்றுகொண்டார்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை ரகுநந்தன் அவசரமாகச் சொன்னார்: "நம்ம ஆத்துக்குத்தான் வந்தேன். கூட்டம் தள்ளிண்டு போயிடுத்து..."

"சத்தம் கேட்டு நொண்டிண்டே வாசல் கேட்டுக்கு வந்து நின்னேன்," என்றாள் மரகதவல்லி. "தெரு முனையில நீங்க போறதைப் பார்த்தேன். கூட்டம் உங்களுக்குப் பின்னாடிதான் வந்தது."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "பாதிப் பாலத்துல உன் ஞாபகம் வந்தது மரகதம். வந்தும் போனேன்."

அவள் மாவுக்கட்டுக் காலை மெல்ல நீட்டிக்கொண்டாள்.

"நீங்க பயந்தவர்னு தெரிஞ்சுதானே முப்பது வருஷமா இருக்கேன்," என்றாள். "நேக்கும்தான் பயமா இருந்தது. அடுத்த தடவை ஓடறதுன்னா, என்னையும் தூக்கிண்டு ஓடுங்கோ."