குகையிலிருந்து வந்த பிள்ளையார்

லுக்குட் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கும் மோகனாவுக்கு, வெள்ளிக்கிழமை என்றால் பிள்ளையார் வேலை. கீரைப் பாத்திக்கு உரமாக வௌவால் எச்சம் அள்ளப் போன அவள் கணவன் அமிர்தலிங்கம், மலைக்குகையில் கண்டெடுத்த கல்தான் அந்தப் பிள்ளையார். செங்கல்லைவிடச் சற்றுப் பெரியது, வரிவரியாக மேடுகள். ஒரு முனை தும்பிக்கைபோல் வளைந்திருக்கவே, தோட்டத்து வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த லயத்தின் கடைசியில் தகரக் கூரை போட்டு வைத்துவிட்டான்.

போன வருடம் அவன் ஓட்டிப்போன மோட்டார் சைக்கிள் லோரிக்கு அடியில் போனது; அவன் பிழைக்கவில்லை. மோகனா அழவில்லை. மறுநாள் என்ன சமைத்தாள் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. கல்லுக்கு எலுமிச்சம்பழம் தேய்த்து, பால் ஊற்றி, மஞ்சள் பூசுவது மட்டும் நிற்கவில்லை. அவன் கைபட்டது என்று அவளிடம் மிஞ்சியது அதுதான்.

கொழுந்தன் ஷங்கர் கைப்பேசியில் எடுத்துப் போட்ட அந்தக் கல்லின் படத்தைப் பார்த்துவிட்டு, குகை எலும்புகளை ஆராயும் அபிராமி அம்பாங்கானிலிருந்து வந்தாள். குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

"அக்கா, இது கல்லு இல்ல. யானையோட கடைவாய்ப்பல்லு. இப்ப உள்ள யானை இல்ல, அதவிடப் பெருசு. அந்த இனமே அழிஞ்சு போச்சு."

ஷங்கர் சிரித்துவிட்டான். "யானைதான்லா! அப்ப அண்ணன் வச்ச பேரு சரிதானே, அண்ணி?"

மோகனாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

"இந்தப் பக்கம் மட்டும் ஏன்க்கா வழவழன்னு இருக்கு?"

"எலுமிச்சம்பழம் தேய்ப்பேன்மா. பாசி புடிக்காது."

அபிராமி தயங்கினாள். "புளிப்பு பல்லக் கரைச்சிரும்க்கா. பாதி வரி போயிருச்சு. இப்படியே தேய்ச்சா ஒண்ணும் மிஞ்சாது."

மோகனா தன் விரல்களைப் பார்த்தாள். அவன் போன பிறகு இன்னும் அழுத்தித்தான் தேய்த்திருந்தாள்.

"மியூசியத்துல வச்சா?"

"கண்ணாடிக்குள்ள இருக்கும். யாரும் தொட மாட்டாங்க."

"குடுக்காதீங்க அண்ணி, லயமே பேசும்," என்றான் ஷங்கர். "பழத்த மட்டும் நிறுத்திட்டா போதும்லா."

"பேசட்டும் தம்பி. இங்க இருந்தா என் கை சும்மா இருக்காது."

துண்டில் சுற்றி அவளே தூக்கிப்போய்க் காரின் பின் சீட்டில் வைத்தாள். கதவை மெதுவாகச் சாத்தச் சொன்னாள். கார் செம்மண் சாலையில் திரும்பி மறையும்வரை, மஞ்சள் படிந்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடியே நின்றாள்.