கச்சத்தீவு மனுவோடு முதலமடைக்கு

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை கேரள எல்லைக்கு அப்பால் இருக்கும் முதலமடைக்குப் போனேன், கையில் ஒரு மனுவோடு. மதுரையில் வக்கீலாக இருக்கிறேன். ராமேஸ்வரத்து மீனவர் ஒருவர் எல்லை தாண்டியதாக இலங்கைச் சிறையில் இருந்தார். அவர் மனைவி செல்விக்காக எழுதிய மனு அது. கச்சத்தீவை மீட்க உத்தரவிட வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை.

காலை ஐந்துக்கு மதுரையில் பஸ் ஏறினால் ஒன்பதரைக்குப் பொள்ளாச்சி. அங்கிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அரை மணி நேரம். பிறகு ஆட்டோ, நாற்பது நிமிடம், 450 ரூபாய். வழியெல்லாம் மாங்காய் ஏற்றிய லாரிகள். ஓட்டுநர் அவற்றுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் போனார்.

மனுவைக் காட்டிக் கருத்துக் கேட்க நான் பார்க்கப் போன ராமசாமிக்கு எழுபத்து நான்கு வயது. டெல்லியில் அரசுச் சட்டப் பணியில் இருந்து ஓய்வு பெற்று, சொந்த மாந்தோப்புக்குத் திரும்பியவர். லென்ஸ் வைத்து மனுவை முழுதும் படித்தார். முதல் கோரிக்கையைப் பென்சிலால் அடித்தார். எனக்குச் சுருக்கென்றது.

தீவு நம்முடையது என்று அரசு ஒப்புக்கொண்டால், அரசியல் சட்டத்தைத் திருத்தாமல் 1974-இல் அதை இலங்கைக்கு எப்படிக் கொடுத்தீர்கள் என்ற கேள்வி வரும். அதனால் எல்லை தீராத கடலில் கோடுதான் போட்டோம், மண்ணைக் கொடுக்கவில்லை என்று அரசு வாதிட்டது. கோர்ட்டுக்காகச் சொன்ன அந்த வாதமே வெளியுறவுக் கொள்கையாகவும் நின்றுவிட்டது என்றார்.

"நம்ம மண்ணே இல்லீன்னு நாமளே எழுதிக் குடுத்துப்போட்டோமுங்க. அப்பறம் எப்படித் திருப்பிக் கேக்கறது? நீங்க தீவை விட்டுப்போட்டு ஆளைத் திருப்பிக் கேளுங்க."

அப்படி எழுதியவர்களில் தானும் ஒருவர் என்பதையும் மறைக்கவில்லை. வருத்தமா என்று கேட்டேன். மனுவை மடித்து என் கையில் கொடுத்தார்.

தீவுக் கோரிக்கையை எடுத்துவிடலாம் என்று ஆட்டோவில் இருந்தே செல்வியிடம் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"தீவு யாருதா இருந்தா என்ன சார்? அவுக எப்ப வருவாக?" என்றார்.

போகிறவர்களுக்கு: தோப்பில் இறங்கினால் திரும்ப வண்டி கிடைப்பது கடினம், வந்த ஆட்டோவையே நிறுத்திக்கொள்ளுங்கள். மார்ச் வெயிலுக்குத் தண்ணீர் அவசியம். மூன்றரைக்கு மேல் கிளம்பினால் மதுரை சேர இரவு ஒன்பதைத் தாண்டிவிடும்.

மனுவில் தீவை நீக்கி, செல்வியின் கணவரை இந்தியத் தூதரகம் சந்திக்க வேண்டும், வழக்கு நடத்த உதவ வேண்டும் என்று மட்டும் கேட்டோம். அரசின் பதில் ஒரே பக்கம்தான். எந்தச் சிறை, அதிகாரி என்றைக்குப் போய்ப் பார்த்தார் என்று அதில் இருந்தது. செல்வி இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அதிலிருந்து ஐந்தாவது வாரம் கணவர் வீடு வந்தார். மனுவாலா, இரு அரசுகளின் பேச்சாலா, எனக்குத் தெரியாது.