என் சாட்சிக்காக அடக்கிய மூச்சு

கர்த்தருக்குள் அன்பானவர்களே, இரண்டு வருடத்துக்கு முன் இதே இடத்தில் நின்று, என் மனைவி எஸ்தருக்கு இளைப்பு நோய் தீர்ந்துவிட்டது என்று சாட்சி சொன்னேன். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். அந்தச் சாட்சியைத் திருத்தத்தான் இன்று வந்திருக்கிறேன்.

எங்கள் வெல்லக் கொட்டகையில் பதினெட்டு வருடம் அடுப்புக்குக் கரும்புச் சக்கை தள்ளியவள் எஸ்தர். புகை அவள் நெஞ்சில் இறங்கியது. சங்கராபுரத்து டாக்டர் இன்ஹேலர் கொடுத்தார். உபவாச ஜெபத்துக்குப் பிறகு இரண்டு வாரம் இருமல் கம்மியாக இருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்குமா? மைக்கைப் பிடித்துவிட்டேன். இனி இன்ஹேலரை வைத்திருப்பது விசுவாசக் குறைவு என்று அதைக் கிணற்றில் எறிந்தேன்.

அதன்பின் அவள் என் எதிரில் இருமவே இல்லை. பாடகர் குழுவில் பின்வரிசைக்குப் போனாள். தண்ணீர்க் குடத்தை வழியில் இரண்டு முறை இறக்கி வைத்தாள். பார்த்தேன், கேட்கவில்லை.

போன மாசியில் ஒரு ஞாயிறு காலை, ஆராதனைக்குக் கிளம்பும்போது சரிந்து விழுந்தாள். உதடு நீலமாகிவிட்டது. கள்ளக்குறிச்சிக்குப் போகும் ஆம்புலன்ஸில், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். முகத்திலிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினாள்.

"சபையில சொல்லிட்டீங்க. அது பொய்யாயிடக் கூடாதுன்னுதாங்க மறைச்சிக்கினு இருந்தேன்."

ஆண்டவரே, என் பேர் நாறிப் போகட்டும், இவள் மூச்சை மட்டும் விட்டுவையும் என்று கதறினேன். மூன்று நாள் அதே ஜெபம்தான். நான்காம் நாள் என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

பிறகு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி டாக்டர் அவளை ஒரு குழாயில் ஊதச் சொன்னார். மூச்சுக்குழாய்கள் சுருங்கியிருக்கின்றன, உள்ளே போன காற்று வெளியே வரமுடியாமல் தேங்குகிறது, அதனால் புதுக் காற்றுக்கு இடமில்லை என்றார். அழிந்துபோன நுரையீரல் திரும்பாது. மருந்தை விடாமல், புகைப் பக்கம் போகாமல் இருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். இன்ஹேலரை நிறுத்தாமல் இருந்திருந்தால் என்று கேட்டேன். இவ்வளவு ஆகியிருக்காது என்றார். அதைச் சுமந்துகொண்டுதான் நடமாடுகிறேன்.

ஆண்டவர் அவளைத் திருப்பிக் கொடுத்தார். அந்த டாக்டரின் கையாலும் அந்த மருந்தாலும்தான் கொடுத்தார். உங்களில் யாராவது பைக்குள் இன்ஹேலரை மறைத்து வைத்திருந்தால் வெளியே எடுங்கள். அதைப் பார்த்து ஆண்டவர் கோபிக்க மாட்டார். அவரை நம்புங்கள்.

இப்போது எஸ்தர் பாட்டை ஆரம்பிப்பாள். அவளால் ஒரு அடிதான் முடியும். மீதியை நீங்கள் பாடிக் கொடுங்கள்.