கேட்காமல் போட்ட பாதை

எங்கள் பகுதியின் பிரதேச சபை உறுப்பினருக்கு அலுவலகம் கிடையாது. முச்சக்கர வண்டிதான் இருக்கிறது. காலையில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுவார், பிறகு கிளினிக் போகிறவர்களை, பகலில் கடைச் சாமான்களை. சபை கூடும் நாளில் அதே வண்டியில் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு போவார். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டியவர்கள் வண்டியில் ஏறி, இறங்குவதற்குள் சொல்லி முடித்துவிடுவார்கள். பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறவன் என்ற முறையில் நானும் அப்படித்தான் ஏறினேன். பெல்மதுளை பஜாரிலிருந்து அவர் குடியிருக்கும் இறப்பர்த் தோட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்குக் கிட்டப் பிடிக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கச் செய்திக்கு வேண்டியதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். ஆனால் பாதிக்கு மேல் அச்சில் போட வேண்டாம் என்பார்.

அவர் வென்றது தோட்டத்து வாக்குகளால் மட்டுமல்ல. அடிவாரத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளையும் அவர்தான் பல வருடங்களாகப் பாடசாலைக்கு ஏற்றிப் போகிறார். அந்த வீடுகளின் வாக்குகளும் விழுந்ததால்தான் ஆசனம் கிடைத்தது. அதை அவர் மறைப்பதில்லை.

"நுவரெலியாவுல நம்ம ஆளுங்க கூட்டமா இருக்காங்க. கத்துனா கேக்கும். இங்க நாங்க கத்துனா பக்கத்து வீட்டுக்காரன் கோவிச்சுக்குவான், அவ்வளவுதான் நடக்கும். இங்க பேசித்தான் ஆகணும்."

சபையில் அவர் சிங்களத்தில்தான் பேசுகிறார். தமிழில் பேச உரிமை இருக்கிறதே என்று நான் ஒருமுறை கேட்டபோது, மொழிபெயர்ப்பாளர் வரும்வரை காத்திருந்தால் மதிய இடைவேளை வந்துவிடும் என்றார். கட்சிகளைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. கட்சி என்பது பஸ் மாதிரி, நமக்கு வேண்டிய இடத்துக்கு எது போகிறதோ அதில் ஏற வேண்டும், ஆனால் அடிக்கடி மாறி ஏறுகிறவனை நடத்துனர் மதிக்க மாட்டார் என்பார். இதைச் சொல்லிவிட்டு, போட்டுவிடாதீர்கள் என்பார்.

தோட்டத்தில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. டிவிசனைத்தான் அங்கே கணக்கு என்கிறார்கள். கீழ்க்கணக்கு வரை கொங்கிரீட் பாதை உண்டு. அதற்கு மேல் இறப்பர் மரங்களுக்கு நடுவே மண்பாதை. எங்கள் பக்கம் வருடத்தில் பாதி மழை. மழை பெய்தால் அந்தப் பாதையில் முச்சக்கர வண்டி ஏறாது, இறங்கினால் நிற்காது.

மேல்கணக்கின் கடைசி லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், முன்பு இறப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் இருக்கிறார். சீனி வியாதியால் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டுவிட்டது. மற்றக் காலிலும் புண். வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கட்டு மாற்ற வேண்டும். அவரைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து நான்கு பேர் கீழ்க்கணக்கு வரை தூக்கி வருவார்கள். அங்கே உறுப்பினரின் வண்டி காத்திருக்கும். தூக்குகிறவர்கள் வேலைக்குப் பிந்திப் போவதால் அன்றைக்கு அவர்களுக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் கூலிதான் விழும். முதலில் யாரும் முணுமுணுக்கவில்லை. பிறகு, மழைக்காலத்தில் பால் வெட்டும் நாட்களே குறைந்துபோனபோது, நான்கு பேரைச் சேர்ப்பது கஷ்டமாகிவிட்டது. ஆள் கிடைக்காத நாளில் கட்டு மாற்றாமல் விட்டார்கள். இருக்கிற காலையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் ஒரு தடவைகூடத் தவறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவருடைய மனைவிக்கு வாய் கொஞ்சம் நீளம். கதிரையோடு இறங்கி வரும்போதெல்லாம் உறுப்பினருக்கு ஏதாவது குத்தல் விழும். நான் கேட்டது இது:

"ஓட்டுக் கேக்க வந்தப்ப நடந்துதானே வந்தீங்க மெம்பரு. அப்ப இந்தப் பாத கண்ணுல படலையா?"

"பட்டுச்சு அக்கா. வழுக்கியும் விழுந்தேன்."

"விழுந்தது ஞாபகம் இருக்குல்ல, அது போதும்."

தோட்டத்துக்குள் பிரதேச சபை காசு செலவழிக்க முடியாது என்று முன்பு சட்டம் இருந்தது. அது திருத்தப்பட்டுவிட்டது. அந்த வருடம் உறுப்பினர் பல கூட்டங்களில் பேசி, மேல்கணக்குப் பாதைக்கு ஓர் ஒதுக்கீடு வாங்கிவிட்டார். வருடம் முடிவதற்குள் வேலை தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் காசு திரும்பிவிடும். செய்தி வந்த மறுநாள் அவர் செய்த முதல் காரியம், தோட்டத்து ஆபீசுக்குப் போய், தோட்ட நிர்வாகியான துரையிடம் அனுமதி கேட்டது.

அது அவருக்கு இயல்பான காரியம். தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் ஒரு குசினி சாய்ப்பு இறக்க வேண்டுமானால் கேட்க வேண்டும். வாசலில் நிற்கும் பலாக் கிளையை வெட்டக் கேட்க வேண்டும். திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டக் கேட்க வேண்டும். தொழிலாளர்கள் கேட்பதற்கென்றே ஆபீஸ் விறாந்தையில் ஒரு ஜன்னல் இருக்கிறது. உள்ளே கிளார்க், வெளியே கேட்பவர். நானும் அன்று கூடப் போயிருந்தேன். உறுப்பினர் வாசல் படியில் ஏறவில்லை. ஜன்னலுக்குப் போய் நின்றார். துரை முப்பது வயதுக்காரர், மரியாதையானவர். உள்ளேயிருந்து பார்த்துவிட்டு எழுந்து வந்து, உள்ளே வந்து உட்காருங்கள் என்றார். உறுப்பினர் பரவாயில்லை சார் என்றார். இரண்டாம் முறையும் அழைத்தார். இரண்டாம் முறையும் பரவாயில்லை சார். பிறகு துரையும் ஜன்னலுக்கு உள்ளே நின்றபடியேதான் பேசினார்.

பாதை போகும் இறப்பர் மலையில் பழைய மரங்களை எடுத்துப் புதிதாக நடப்போகிறார்கள், தன்னால் தனியாக முடிவு சொல்ல முடியாது, கொழும்பில் கேட்க வேண்டும் என்றார். கொழும்பு இரண்டு வாரத்தில் பதில் சொன்னது. முடியாது.

அந்தப் பதில் சபைக்கும் போய்விட்டதால் பொறியியல் பகுதி வேலையை நிறுத்திவிட்டது. கேட்டு மறுக்கப்பட்ட இடத்தில் சபை கை வைக்க முடியாது.

கிராமத்துப் பக்கம் இன்னோர் உறுப்பினர் இருக்கிறார். சிங்களவர், வேறு கட்சி, சிறு தேயிலைத் தோட்டக்காரர், வயதில் மூத்தவர். நம்மவரை 'மல்லி' என்று தம்பி முறையில்தான் கூப்பிடுவார். சபைக்கு எதிரே உள்ள கடையில் மூன்று பேரும் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். நடந்ததைக் கேட்டு அவருக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. ஏன் கேட்டாய் மல்லி என்று சிங்களத்தில் கேட்டார். ஆள் நடக்கிற பாதை, சபையின் காசு. நாங்களாக இருந்தால் கல்லைக் கொட்டிவிடுவோம், ஆட்சேபம் இருந்தால் துரை நம்மைத் தேடி வரட்டும். கீழ்க்கணக்குப் பாதையை யார் கேட்டுப் போட்டார்கள்? நம்மவர் பிளேன்டீயைப் பார்த்தபடி, கேட்காமல் எப்படி என்றார். மூத்தவர் சிரித்தார். ஏளனச் சிரிப்பில்லை. அவருக்கு அது உண்மையிலேயே புரியவில்லை.

திரும்பும் வழியில் உறுப்பினர் முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்.

"கிராமத்துக்காரங்க மண்ணு அவங்களுது சார். உறுதிப் பத்திரம் இருக்கு. கேக்காம ஒரு வேலிய அவங்களால நகத்த முடியும். நாங்க நிக்கிற எடத்துக்கு என்னா இருக்கு? அம்மா வயித்துல இருந்து வந்ததுலேருந்து கேட்டுக்கிட்டேதான் இருக்கோம். மெம்பரானா அது போயிருமா?"

வழியைச் சொன்னவர் அந்த மூத்தவர்தான். கிராமத்துப் பாதை மலையின் மறுபக்கத்தில் கடைசி வீடு வரை வருகிறது. அங்கிருந்து பழைய மாட்டுவண்டித் தடம் ஒன்று தோட்டத்தின் எல்லையில் வெட்டிய வடிகாலான கான் வரை ஏறுகிறது. அது கிராமத்து நிலம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. கானுக்கு அப்பால் மேல்கணக்கின் கடைசி லயம் கூப்பிடு தூரம்தான். நடுவில் இறப்பர் இல்லை, மானாப்புல் மட்டும். ஒதுக்கீட்டைக் கிராமத்துப் பாதைக்கு மாற்றிக்கொண்டால் காசு திரும்பாது. ஆனால் வேலை மூத்தவரின் வட்டாரத்தில் நடக்கும், அவர் பெயரில் நடக்கும். மேல்கணக்கு ஆட்கள் இனிக் கிராமத்து வழியாக, விகாரையைத் தாண்டி டவுனுக்குப் போவார்கள், கிராமத்து வண்டியில்.

இதில் தனக்கு என்ன போகும் என்பது உறுப்பினருக்குத் தெரியும். பாதை வந்தால் போதும் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் அடுத்த தேர்தலில் மெம்பர் என்ன செய்தார் என்று கேட்பார்கள், அப்போது கையைக் காட்ட ஒரு கல்கூட இருக்காது என்றார். ஒரு வாரம் யோசித்தார். அந்த வாரம் கதிரை தூக்க ஆள் சேரவில்லை. அடுத்த கூட்டத்தில் ஒதுக்கீட்டை மாற்றும் யோசனையை அவரே எழுந்து முன்வைத்தார். மூத்தவர் வழிமொழிந்தார். சபையில் அன்று வேறொரு விடயத்துக்காகக் கூச்சல் நடந்துகொண்டிருந்ததால் இது ஐந்து நிமிடத்தில் நிறைவேறிவிட்டது.

கிராமத்திலும் எல்லோரும் மகிழவில்லை. பௌர்ணமி வழிபாட்டு நாளான போயாவில் வாகனச் சத்தம் வரும் என்று ஒரு வீட்டார் ஆட்சேபித்தார்கள். போயா நாளில் மெதுவாக வருவோம் என்று உறுப்பினர் அந்த வீட்டில் போய்ச் சொல்லி, தேநீர் குடித்துவிட்டு வந்தார்.

கொங்கிரீட் எல்லைக் கான் வரை வந்து நின்றது. அதற்கு அப்பால் தோட்டம். மீதித் துண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூலியில்லாமல் சேர்ந்து, சிரமதானமாகப் போடுவது என்று மூத்தவர் கிராமத்தில் சொல்லிவைத்தார். கிராமத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது, மேல்கணக்கிலிருந்து ஆணும் பெண்ணுமாகப் பெரும்பாலானோர் வந்தார்கள். கல்லும் மணலும் கானுக்கு இந்தப் பக்கம் குவிந்து கிடந்தன. மம்பட்டிகள் இருந்தன. கிராமத்துக்காரர்கள் கானைத் தாண்டிப் புல் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். தோட்டத்து ஆட்கள் தாண்டவில்லை. அவர்கள் உறுப்பினரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது தோட்டத்துக் கங்காணி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அவரும் லயத்துக்காரர்தான், உறுப்பினருக்குச் சொந்தமும்கூட.

"மச்சான், தொரகிட்ட கேட்டாச்சா?"

"இல்ல."

"கேக்காமயா?"

"ஒருக்கா கேட்டேன், முடியாதுன்னாங்க. திரும்பவும் கேட்டா திரும்பவும் அதத்தான் சொல்லணும், அவருக்கும் கஷ்டம். நீ போயி நான் வெட்டுறேன்னு சொல்லு. என் பேரச் சொல்லு."

கங்காணி, தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லலாமா என்று கேட்டார். பார்த்தேன் என்றே சொல் என்றார் உறுப்பினர். பிறகு கானுக்கு மேல் போட்டிருந்த பலகையில் நடந்து மறுபக்கம் போனார். முதல் வெட்டு சரியாக விழவில்லை, மானாப்புல்லின் வேர் ஆழம். இரண்டாவது வெட்டுக்குள் கால் எடுக்கப்பட்டவரின் மனைவி அவருக்குப் பக்கத்தில் வந்து நின்று வெட்டிக்கொண்டிருந்தார். அதன் பிறகு தோட்டத்து ஆட்கள் எல்லோரும் தாண்டினார்கள். பகல் சாப்பாட்டைக் கிராமத்தார் கொண்டு வந்தார்கள். சோறு, பலாக்காய், கருவாடு.

துரையின் ஜீப் மாலையில் மேல் பாதையில் போனது. வேகம் குறைந்தது, நிற்கவில்லை.

பத்து நாள் கழித்து உறுப்பினரை ஆபீசுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. கூட வரவா என்று கேட்டேன். வேண்டாம், பத்திரிகைக்காரரோடு போனால் சண்டைக்குப் போகிற மாதிரி இருக்கும் என்றார். போய்த் திரும்பி வந்தவரின் முகத்தில் குழப்பம்தான் இருந்தது. துரை பாதையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையாம். புதிய பாதையிலிருந்து மழைத் தண்ணீர் கீழே கன்று நடப்போகும் இடத்துக்கு இறங்குகிறது, குறுக்கே ஒரு குழாய் பதிக்க முடியுமா என்று கேட்டாராம். பதிப்போம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்த வாரமே பதித்தார்கள்.

பாதை காய்ந்த பிறகு வந்த முதல் கிளினிக் நாளில் கிராமத்து முச்சக்கர வண்டி ஒன்று மேல்கணக்கின் கடைசி லயத்து வாசலுக்கே வந்தது. உறுப்பினரும் தன் வண்டியில் மலையைச் சுற்றி அங்கே வந்திருந்தார். நோயாளியின் மனைவி, வண்டிதான் வந்துவிட்டதே, நீங்கள் எதற்குச் சுற்றி வந்தீர்கள் என்று கேட்டார். இந்த முறை குரலில் குத்தல் இல்லை. சும்மாதான் என்றார் அவர். நோயாளியை இரண்டு பேரே தூக்கி உள்ளே வைத்தார்கள், உறுப்பினர் ஒரு பக்கம், வண்டிக்காரர் ஒரு பக்கம். வண்டி விகாரைப் பக்கமாக இறங்கிப் போனது.

அந்தக் காலின் புண் இப்போது சுருங்கி வருகிறது என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அடுத்து கீழ்க்கணக்குக்குத் தண்ணீர்த் தாங்கி ஒன்று கட்ட வேண்டும் என்று உறுப்பினர் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்கும் கேட்கப் போவதில்லையா என்றேன்.

"தண்ணிக்குக் கேக்கணும் சார். ஊத்து தோட்டத்து மலையில இருக்கு." கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு, "ஜன்னல்ல இல்ல, உள்ள உக்காந்து கேப்பேன்," என்றார்.