எங்கள் வாத்தியக் குழுவுக்குப் பின்னால் யார்?

ஊரில் வாத்தியக் குழு தொடங்கிப் பார்த்த மாணவர்களே, உங்களுக்குத் தெரியாததா, வாசித்த நேரத்தைவிட விளக்கம் சொன்ன நேரம்தான் அதிகம். பொன்னேரி கல்லூரியில் படிக்கும் நாங்கள் சிலர், பழவேற்காட்டுக் குப்பங்களுக்கென்று ஒரு குழு ஆரம்பித்தோம். அதில் பட்ட பாடுகளில் சில இவை.

பெட்டியில் என்ன?

சென்னையில் ஓய்வுபெற்ற இசை ஆசிரியை ஒருவர் தன்னிடமிருந்த பழைய வயலின்களை எங்களுக்குக் கொடுத்தார். பெட்டிகளோடு கோட்டைக்குப்பத்தில் இறங்கினால், வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். கொஞ்ச நாள் முன்புதான் யாரோ இதே மாதிரிக் கறுப்புப் பெட்டிகளோடு வந்து ஏரியை அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்துத் துறைமுகத்தை இந்தப் பக்கம் நீட்டிவிடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும். நான் அந்த ஊர்ப் பெண்தான், இருந்தாலும் திறக்கச் சொன்னார்கள். ஊர்த் தலைவர் வயலினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வில்லை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "வாத்தியம்னே வச்சிக்குவோம். இத்த வச்சி இன்னாம்மா அளக்கப் போறீங்க?"

ஒத்திகைக்கு வந்த அம்மா

மீன் ஏலக் கூடம் பிற்பகலில் காலியாக இருக்கும். அங்கேதான் ஒத்திகை. கிளாரினெட் வாசிக்கும் நஸீர் பழவேற்காடு டவுன் பையன். ஆணும் பெண்ணுமாக அப்படியென்ன ஒத்திகை என்று அவன் அம்மாவுக்குச் சந்தேகம். ஒருநாள் நேரிலேயே வந்து, கவிழ்த்துவைத்த மீன் கூடைமேல் உட்கார்ந்துகொண்டார். எங்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தும் எங்களுக்குச் சேரவே இல்லை. கிளம்பும்போது என் தோளைத் தட்டிச் சொன்னார்: "காதலா இருக்கும்னு நெனச்சேன்மா. இப்டி வாசிச்சா எவளும் இவன ஏறெடுத்துப் பாக்க மாட்டா."

பேனர்

முதல் கச்சேரிக்கு நாள் குறித்ததும், துறைமுகத்தில் வேலைகள் எடுத்துச் செய்யும் ஒரு கம்பெனி ஆள் வந்தார். மேடை, சீருடை எல்லாம் தருகிறோம், பின்னால் எங்கள் பேனர் மட்டும் இருக்கட்டும் என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம். ஆனால் எங்கள் ஒத்திகை வீடியோ அவர் போனில் இருந்தது. யார் அனுப்பியது? நஸீரின் அண்ணனுக்குத் துறைமுகத்தில் வேலை. எல்லோர் பார்வையும் நஸீர்மேல் போனது. அவன் கிளாரினெட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனான். மறுநாள் வரவில்லை.

அன்று வீட்டில் நைனா போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். எங்கள் குழுவையே நம்பாத மனிதர், அந்த வீடியோவை என் போனிலிருந்து எடுத்து மீன் வியாபாரிகள் குரூப், சொந்தக்காரர் குரூப் என்று ஒன்று விடாமல் அனுப்பியிருந்தார். அங்கிருந்து அது எங்கெங்கோ போயிருக்கிறது. கையோடு அவரை நஸீர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். நைனா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே சொன்னார்: "அனுப்னது நான்தாம்பா. எம் பொண்ணு வாசிக்குதேன்னு நாலு பேருக்குக் காட்டிக்கினேன்."

கச்சேரி

நஸீர் திரும்பி வந்தான். ஆனால் எங்களிடம் பழையபடி பேசவில்லை. பேனர் இல்லாமல், அதே ஏலக் கூடத்தில், சாயங்காலம் கச்சேரி. ஜனங்கள் உட்காராமல் ஒதுங்கி நின்று வாசலையே பார்த்தார்கள். அவன் தனியாக வாசித்த இடத்தில்தான் பேச்சு அடங்கியது, ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். முடிந்ததும் கை தட்டினார்கள். இறால் விற்கும் ஒரு அக்கா என் பக்கம் வந்து காதோடு கேட்டார்: "நல்லாத்தான் கீது. ஆனா கடைசி வரிக்கும் எவனும் வந்து ஓட்டு கேக்கலியே, இன்னா விஷயம்?"

கைதட்டல் கிடைத்துவிட்டது, நம்பிக்கைக்குத்தான் இன்னும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.