வானத்திலிருந்து தெரிந்த வீடு

தாராவியில் இடிக்கப்பட்ட ஒரு சந்தில் முன்பு வீடே இருந்ததில்லை என்றார் அதிகாரி. செய்தியாளனான நான் அதைச் சரிபார்க்கப் போனபோது, அங்கே வீடிழந்த ஒரு அப்பளக்காரம்மாவைச் சந்தித்தேன். ஒல்லியானவர். பேசும்போதெல்லாம் மாவுக் கையால் முடியை ஒதுக்குவதால் நெற்றியோரம் வெளுத்திருக்கும்.

போனில் அந்த இடத்தின் பழைய செயற்கைக்கோள் படத்தைக் காட்டினேன். தகரக் கூரைகளுக்கு நடுவே ஒரு நீலச் சதுரத்தில் விரல் வைத்தார்.

"நாங்க போட்ட தார்ப்பாய் தம்பி. வானத்துலேருந்து பாத்தாலே தெரியுதுல்லா? நேர்ல வந்த ஆபீசருக்குத் தெரியலையாக்கும்."

"பேர் போட்டா உங்களுக்குத் தொந்தரவு வரும்க்கா."

"வரட்டும். போடுங்க."

படத்தோடு செய்தி வந்தது. பெயரை ஆசிரியர் நீக்கிவிட்டார். பத்திரிகையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மடித்துத் திருப்பித் தந்தார்.

"வீடு இருந்துச்சுன்னு எழுதிட்டீங்க. அதுல யாரு இருந்தா?"